சூடில்லாச் சுடர்

வீட்டில் ஃபேன் நின்றுவிட்டால் எலக்ட்ரீஷியன் முதலில் எடுப்பது டெஸ்டரைத்தான். ஸ்விட்ச் போர்டில் அதன் நுனியை நுழைத்து, தலைப்பில் விரலை வைத்ததும் பிடிக்குள் செம்மஞ்சளாகச் சிறு வெளிச்சம் தெரியும். "கரண்ட் வருது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த வெளிச்சத்தை உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு. பிடிக்குள் இருப்பது நெல்மணியைவிடச் சற்றே பெரிய கண்ணாடிக் குமிழ். அதற்குள் நியான் வாயுவும், ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிகளும் இருக்கின்றன. பழுக்கக் காய்ந்து எரியும் இழை எதுவும் கிடையாது. கம்பிகள் சூடாவதும் இல்லை. ஒளிர்வது கம்பியை ஒட்டிக்கொண்டிருக்கும் வாயு.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவதால், டெஸ்டருக்குள் இரண்டு கம்பிகளும் ஒளிர்வதாகத் தோன்றும். அதே குமிழுக்கு நேர்மின்சாரம் கொடுத்தால் ஒரு கம்பி மட்டுமே ஒளிரும். அது எப்போதும் எதிர்முனைக் கம்பிதான். முனைகளை மாற்றினால் ஒளியும் அடுத்த கம்பிக்குத் தாவிவிடும். இந்த ஒரே விதியை நம்பி 1950-களில் ஒரு தொழிலே எழுந்தது. எதிர்முனைக் கம்பியை நேராக விடாமல் 8 என்று வளைத்தால், 8 என்ற வடிவத்தில் வாயு ஒளிர வேண்டும் அல்லவா? ஒளிர்ந்தது. அப்படிப் பிறந்த நிக்ஸி குழல்களைத்தான் இன்று உலகெங்கும் ஆர்வலர்கள் தேடிப் பிடித்து, நகத்தளவு மைக்ரோகன்ட்ரோலர்களோடு இணைத்துக் கடிகாரங்களாகவும் அளவிகளாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒளி ஏன் எதிர்முனையிலேயே ஒட்டிக்கொள்கிறது? நியான் வாயு சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் விண்வெளியிலிருந்து வரும் கதிர்களாலும், சுற்றுப்புறத்தின் இயற்கைக் கதிரியக்கத்தாலும் எப்போதும் ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் குமிழுக்குள் தனியாக அலைந்துகொண்டிருக்கும். போதிய வோல்டேஜ் வந்ததும் அப்படிப்பட்ட ஓர் எலக்ட்ரான் நேர்முனையை நோக்கி ஓடுகிறது. வழியில் ஒரு நியான் அணுவில் மோதி, அதிலிருந்து இன்னோர் எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். எலக்ட்ரானைப் பறிகொடுத்த அணுக்கள் நேர் அயனிகளாகி, எதிர்த்திசையில் பாய்ந்து எதிர்முனை உலோகத்தில் மோதுகின்றன. அந்த மோதலில் உலோகத்திலிருந்து புதிய எலக்ட்ரான்கள் தெறித்து வருகின்றன. அதற்குப் பிறகு விண்கதிரின் தயவு தேவையில்லை. மின்னோட்டம் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும்.

இரு முனைகளுக்கும் இடையிலான வோல்டேஜ் சீராக இறங்குவதில்லை. அதில் பெரும்பகுதி எதிர்முனையை ஒட்டிய மிக மெல்லிய இடைவெளியிலேயே இறங்கிவிடுகிறது. உலோகத்திலிருந்து புறப்பட்ட எலக்ட்ரான் அந்தச் சிறிய தூரத்துக்குள் பெரும் வேகம் பெற்று, எதிர்ப்படும் நியான் அணுவைக் கிளர்ச்சியூட்டுகிறது. அணு பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒளியை விடுகிறது. அந்த ஒளியில் 585 நானோமீட்டர் மஞ்சள் கோடும் உண்டு, 640 நானோமீட்டர் சிவப்புக் கோடும் உண்டு. இடையில் இன்னும் பல கோடுகள். எல்லாம் சேர்ந்துதான் வேறு எந்த விளக்கிலும் வராத அந்தச் செம்மஞ்சள். எலக்ட்ரானுக்கு வேகம் கிடைக்கும் இடம் எதிர்முனையின் தோளில் இருப்பதால், ஒளியும் அங்கேயே பிறக்கிறது. கம்பி எப்படி வளைகிறதோ அப்படியே அதுவும் வளைகிறது.

1898-ல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்சும் திரவமாக்கிய காற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்தபோது கிடைத்தது இந்த வாயு. நாம் மூச்சிழுக்கும் காற்றில் 10 லட்சத்துக்கு 18 பங்கு நியான்தான். 1910-ல் பாரிசில் ஜார்ஜ் க்ளோட் அதை நீளக் குழாய்களில் அடைத்து ஒளிரவைத்துக் காட்டினார். கடைத்தெரு விளம்பரங்கள் அங்கிருந்து வந்தன. அந்த நீளக் குழாய்களில் நாம் பார்ப்பது நடுவெளியில் நிற்கும் ஒளி. எண் குழலுக்கு உதவியது எதிர்முனையை ஒட்டிய ஒளி.

அமெரிக்காவில் ஹைடு பிரதர்ஸ் என்ற சிறிய வால்வு நிறுவனம் இதில் வேலை செய்துகொண்டிருந்தது. அதை விலைக்கு வாங்கிய பரோஸ் நிறுவனம் 1955-ல் நிக்ஸி குழலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமைப்பு மிக நேரானது. 0 முதல் 9 வரை பத்து எண்கள். ஒவ்வொன்றும் மெல்லிய உலோகத்தில் வெட்டிய தனித்தனி எதிர்முனை. ஒன்றின் பின் ஒன்றாக, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே நேர்முனை, பின்னிருக்கும் எண்ணை மறைக்காத மெல்லிய வலையாக முன்னால் நிற்கும். இவற்றைக் கண்ணாடிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, குறைந்த அழுத்தத்தில் நியானையும் அதோடு துளி ஆர்கானையும் நிரப்புவார்கள். ஆர்கான் சேர்ந்தால் குறைந்த வோல்டேஜிலேயே வாயு பற்றிக்கொள்ளும். எந்த எண்ணின் கம்பியை மின்சுற்றின் எதிர்ப்பக்கத்தோடு இணைக்கிறோமோ அந்த எண் ஒளிரும். மற்ற ஒன்பதும் இருட்டில் கம்பிகளாகவே நிற்கும்.

அதற்கு முன்புவரை கருவியின் அளவை முள் காட்டும். படிப்பவர் குனிந்து, கோணம் பார்த்து, தசமத்தை ஊகிக்க வேண்டும். நிக்ஸி வந்ததும் அளவு எண்ணாகவே எதிரில் நின்றது. அதிர்வெண் கவுண்ட்டர்கள், டிஜிட்டல் வோல்ட்மீட்டர்கள் என்று ஆய்வகம் ஆய்வகமாக அது பரவியது. 1961-ல் பிரிட்டனில் வெளிவந்த 'அனிதா', உலகின் முதல் முழு மின்னணு மேசைக் கால்குலேட்டர், விடையைக் காட்டியது இத்தகைய குழல்களில்தான்.

1970-களில் எல்இடி எண்கள் வந்தன. 5 வோல்ட் போதும், உடையாது, விலையும் ஆண்டுக்காண்டு இறங்கியது. பின்னாலேயே எல்சிடி வந்தது. மேற்கு நாடுகளில் நிக்ஸி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சோவியத் ஒன்றியத்தில் 1980-களிலும் தயாரிப்பு நடந்தது. ராணுவத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் உதிரியாக வேண்டும் என்று செய்து குவித்த குழல்கள், ஒன்றியம் கலைந்தபின் கிடங்குகளிலிருந்து பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. இன்றைக்கு ஓர் ஆர்வலர் கையில் இருக்கும் நிக்ஸி பெரும்பாலும் அந்தப் பெட்டிகளில் ஒன்றிலிருந்து வந்ததுதான்.

அவற்றில் ஐஎன்-12 என்ற குழலை எடுத்துக்கொள்வோம். நீள்வட்டமான கண்ணாடி, தட்டையான மேல்முகம், 18 மில்லிமீட்டர் உயர எண்கள், அடியில் 12 குட்டைக் கால்கள். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தால் முதலில் தெரிவது தேனடைக் கண்களாக வெட்டிய நேர்முனை வலை. அதற்குப் பின்னால் பத்து எண்களும் ஒரே குழப்பமாகத் தெரியும். 1, 2, 3 என்ற வரிசையில் அவை அடுக்கப்படவில்லை. முன்னிருப்பது பின்னிருப்பதை மிகக் குறைவாக மறைக்கும்படி பார்த்து வைத்த வரிசை அது. அதனால் எண்கள் மாறும்போது ஒளி குழலுக்குள் முன்னுக்கு வரும், ஆழத்துக்குப் போகும். இதில் இருக்கும் 5-ஐ மட்டும் தனியாகக் கவனியுங்கள். மேல்கோடும் இறக்கமும் நாம் எழுதும் 5-ன் ஒழுங்கில் இருக்காது. வயிறு கொஞ்சம் வழிந்து, சரிந்து நிற்கும். காரணம், அது 5-ஆக வெட்டப்பட்டதே இல்லை. தகட்டில் வெட்டிய 2-ஐத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு 5 ஆக்கியிருக்கிறார்கள். ஓர் அச்சுச் செலவு மிச்சம். ஐஎன்-14-லும் இதே கதைதான். எண் உயரம் 40 மில்லிமீட்டர் இருக்கும் ஐஎன்-18-ல் முறையான 5 உண்டு. ஆர்வலர்கள் அதைத் தேடி அலைவதற்கு அளவோடு இந்த அழகும் காரணம்.

குழல்கள் கிடைத்தால் மட்டும் போதாது. பத்து எண்களையும் நேரம் பார்த்து மாற்றிக் கொடுக்க ஒரு மூளை வேண்டும். 1960-களில் அதற்குப் பல பலகைகள் நிறைய டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில், வடிவமைப்பு மாணவர்கள் எளிதில் பயன்படுத்தவென்று ஆர்டுவினோ போர்டு உருவானது. ஒலிவெட்டி தட்டச்சுப்பொறிகள் பிறந்த அதே ஊர். அந்தப் போர்டில் பிரபலமான ஏடிமெகா328 சிப்புக்கு 2 கிலோபைட் நினைவகம், 32 கிலோபைட் நிரல் இடம், 16 மெகாஹெர்ட்ஸ் வேகம். கைபேசியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆறு எண்களை மாற்ற இது தாராளம். மின்னணுவியல் படிக்காதவரும் சில மாலைகளில் இதை இயக்கப் பழகிவிடலாம். நிக்ஸி மறுபடி உயிர்பெற்றதற்குப் பழைய கிடங்குகள் எவ்வளவு காரணமோ, அவ்வளவு இந்தப் போர்டும் காரணம்.

சிக்கல் இனிமேல்தான். மைக்ரோகன்ட்ரோலருக்குத் தெரிந்தது 5 வோல்ட். நிக்ஸி பற்றிக்கொள்ள வேண்டுமானால் 170 வோல்ட் வேண்டும். இந்த இரண்டையும் பேசவைப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சாரம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் 170 வோல்ட்டை உண்டாக்க வேண்டும். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து ஒரு காயில் வழியாக மின்னோட்டத்தை ஓடவிட்டு, அதைச் சட்டென்று அறுக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் திடீரென நிற்பதைக் காயில் ஏற்காது. ஓட்டத்தைத் தொடரத் தன் முனையில் வோல்டேஜை எகிறவைக்கும். பைக் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி வருவதும் இப்படித்தான். எகிறிய வோல்டேஜை ஒரு டயோடு வழியாகக் கெப்பாசிட்டரில் பிடித்து வைக்கிறோம். இந்த ஓட்டமும் அறுப்பும் நொடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கின்றன. வெளியே வரும் வோல்டேஜை அளந்து பார்த்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி 170-ல் நிறுத்த எம்சி34063 போன்ற ஒரு சின்ன ஐ.சி. போதும். உள்ளங்கையில் அடங்கும் சுற்று. ஆறு குழல்கள், குழலுக்கு 2.5 மில்லி ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் இரண்டரை வாட்தான் செலவு.

குழல் பற்றிக்கொண்டதும் இன்னொரு விநோதம். அதன் குறுக்கே வோல்டேஜ் 140 அளவுக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிடும். மின்னோட்டத்தைக் கூட்டினாலும் வோல்டேஜ் ஏறாது. சாதாரண ரெசிஸ்டரில் ஒன்று கூடினால் மற்றதும் கூடும். வாயுவில் அந்தக் கணக்கு செல்லாது. அதனால் 170 வோல்ட்டை அப்படியே குழலில் இணைத்தால் மின்னோட்டம் கட்டின்றி ஏறிக் குழலைக் கெடுத்துவிடும். மிச்சமிருக்கும் 30 வோல்ட்டைத் தாங்க ஒரு ரெசிஸ்டர் தொடரில் வேண்டும். 30-ஐ 2.5 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 12,000 ஓம். பள்ளியில் படித்த ஓம் விதி இவ்வளவு கண்கூடாகப் பயன்படும் இடம் எனக்கு வேறு தெரியவில்லை. அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் கடிகாரமே இல்லை.

மின்னோட்டம் கூடும்போது வோல்டேஜ் கூடாதென்றால், என்ன கூடுகிறது? ஒளிரும் பரப்பு கூடுகிறது. எதிர்முனையின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் இவ்வளவு மின்னோட்டம் என்ற அளவை வாயு தானே காத்துக்கொள்கிறது. ஓட்டம் குறைவாக இருந்தால் எண்ணின் ஒரு பகுதி மட்டும் ஒளிரும். கூட்டினால் ஒளி கம்பியின் மேல் ஊர்ந்துபோய் எண் முழுவதையும் மூடும். இதையே கருவியாக்கினார்கள் சோவியத் பொறியாளர்கள். ஐஎன்-13 என்ற குழலில் எண்ணே கிடையாது. நீளமான ஒரே ஒரு கம்பிதான். மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்கு ஒளி ஏறி நிற்கும். இதை வெப்ப உணரியோடு இணைத்து வெப்பமானியாகவும், ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து இசைக்கு ஏறி இறங்கும் ஒளிக்கோலாகவும் ஆர்வலர்கள் ஆக்குகிறார்கள். வாயுவே கணக்குப் போட்டு விடையைக் காட்டுகிறது. நடுவில் எந்தச் சிப்பும் இல்லை.

அடுத்தது எந்த எண் ஒளிர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேலை. எம்பிஎஸ்ஏ42 போன்ற 300 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர்களை எண்ணுக்கு ஒன்றாக வைக்கலாம்; சென்னை ரிச்சி தெரு மாதிரியான கடைத்தெருக்களில் கேட்டுப் பார்க்கக்கூடிய சாதாரணப் பொருள். ஆனால் இதற்கென்றே செய்த பழைய ஐ.சி. ஒன்று உண்டு. மேற்கில் அதன் பெயர் 74141, சோவியத்தில் கே155ஐடி1. நான்கு கம்பிகளில் எண்ணைக் குறியீடாகச் சொன்னால், பத்து வெளிக்கால்களில் ஒன்றை மட்டும் தரையோடு இணைத்துவிடும். அந்தக் கால்கள் தாங்குவது ஏறத்தாழ 60 வோல்ட்தான். 170 வோல்ட் குழலுக்கு 60 வோல்ட் ஐ.சி. எப்படிப் போதும்? ஒரு எண் ஒளிரும்போது நேர்முனை 140-ல் இருக்கிறது. அணைந்திருக்கும் எண்ணின் கம்பி 60-ல் நின்றால், அதற்கும் நேர்முனைக்கும் இடையே உள்ள வித்தியாசம் 80 மட்டுமே. 80 வோல்ட்டில் இந்த வாயு ஒளிராது. குழலை அணைக்க அதன் வோல்டேஜ் முழுவதையும் தடுத்து நிறுத்த வேண்டியதில்லை. ஒளிர முடியாத அளவுக்குக் குறைத்தாலே போதும். இதைக் கண்டு ஐ.சி.யை எளிதாக்கியவர்களின் அறிவை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

ஆறு குழல்களுக்கும் எண்ணுக்கு ஒரு கம்பி என்றால் 60 கம்பிகள். மைக்ரோகன்ட்ரோலரில் இருப்பதோ 20 சொச்சம் கால்கள். குழலுக்கு ஒரு கே155ஐடி1 வைத்தால் 60 என்பது 24 ஆகிறது. நடுவில் 74எச்சி595 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் மூன்றை வைத்தால் 24 என்பது 3 ஆகிறது. ஒரு கம்பியில் 24 பிட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். இரண்டாவது கம்பி தாளம் தட்டும். மூன்றாவது "இப்போது காட்டு" என்று சொல்லும்.

இனி ஒரு கணத்தை நெருங்கிப் பார்ப்போம். மணி 09:59:59. போர்டில் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் இருக்கிறது. அதற்குள் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. 32,768 என்பது 2-ஐ 15 முறை பெருக்கினால் வருவது. 15 முறை பாதியாக்கினால் துல்லியமாக நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு வந்ததும் மைக்ரோகன்ட்ரோலர் விழித்து, இரண்டு கம்பிகள் வழியாக நேரத்தைக் கேட்டு வாங்குகிறது. ஒரு மில்லிநொடிக்குள் பதில் வந்துவிடும்: 10:00:00. இந்தப் பதில் வரும் வடிவம் கவனிக்கத்தக்கது. டிஎஸ்3231 நேரத்தைச் சாதாரண இரும எண்ணாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாக நான்கு பிட்டுகளில் வைத்திருக்கிறது. 9 என்றால் 1001, 5 என்றால் 0101. கே155ஐடி1 கேட்பதும் அதே நான்கு பிட்டுகளைத்தான். அரை நூற்றாண்டுக்கு முந்தைய சோவியத் ஐ.சி.யும் இந்த நூற்றாண்டின் கடிகாரச் சிப்பும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொள்கின்றன. மைக்ரோகன்ட்ரோலர் 24 பிட்டுகளையும் 24 மைக்ரோநொடிகளில் தள்ளிவிடுகிறது.  ஆறு குழல்களிலும் எண்கள் மாறுகின்றன. ஒளி முன்னும் பின்னுமாகத் தாவும் அந்தக் கணத்துக்காக 10 மணிக்குக் கடிகாரத்தின் முன் போய் நிற்பவர்கள் உண்டு.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஆறு குழல்களையும் ஒரே ஐ.சி.யில் இணைத்து, ஒரு நேரத்தில் ஒரு குழலை மட்டும் ஒளிரவிட்டு, நொடிக்கு நூறு முறைக்கு மேல் சுற்றி வருவார்கள். நம் கண்ணுக்கு எல்லாமே ஒளிர்வதாகத் தோன்றும். ஆனால் ஒரு குழலை அணைத்ததும் அடுத்ததைப் பற்றவைத்தால், முந்தைய எண்ணின் நிழல் அதில் மங்கலாகத் தெரியும். வாயுவில் மிஞ்சிய அயனிகள் மறைய அவகாசம் வேண்டும். இடையில் மிகச் சிறிய இருட்டு ஒன்றை விட்டால் சரியாகிவிடும்.

நேரத் துல்லியமும் சாதாரணமானதில்லை. டிஎஸ்3231 தன் வெப்பநிலையைத் தானே அளந்து படிகத்தின் பிசகைத் திருத்திக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒரு நிமிடம் தவறினால் அதிகம். அதுவும் போதாதென்றால் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டை வைத்து, இணையத்திலிருந்து அணுக்கடிகார நேரத்தை அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் நன்றாக ஓடும் கடிகாரத்தில் ஓர் ஆபத்து மெதுவாக வளரும். மணியின் பத்துகள் இலக்கத்தை நினைத்துப் பாருங்கள். அதில் 0, 1, 2 மட்டுமே வரும். 3 முதல் 9 வரையிலான கம்பிகள் ஆண்டுக்கணக்கில் சும்மா நிற்கும். ஒளிரும் கம்பியில் அயனிகள் மோதும்போதெல்லாம் அதிலிருந்து உலோக அணுக்கள் உதிர்ந்து பக்கத்துக் கம்பிகளில் படியும். படிந்த இடத்தில் பிறகு ஒளி ஒட்டாது. எண் விட்டுவிட்டு, பாதி அழிந்ததாகத் தெரியும். பழைய குழல்களைச் செய்தவர்கள் இதைத் தாமதப்படுத்த உள்ளே துளி பாதரசம் சேர்த்தார்கள்; சில குழல்களில் கம்பியின் ஓரமாகத் தெரியும் நீலச் சாயல் அதனுடையதுதான். ஆர்வலர்கள் இதற்கு நிரலில் வழி வைக்கிறார்கள். நள்ளிரவிலோ, பத்து நிமிடத்துக்கு ஒருமுறையோ எல்லா எண்களையும் 0 முதல் 9 வரை வேகமாக ஓடவிடுவார்கள். பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். கம்பிகளுக்கு அது துப்புரவு. அறையில் ஆள் இல்லாதபோது அசைவுணரி வைத்துக் குழலை அணைத்துவிடுவதும் நல்ல பழக்கம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. குழலின் ஆயுளும் மணிக்கணக்கில்தான் தேய்கிறது.

நிக்ஸிக்கு உறவினர்கள் உண்டு. 1967-ல் ஜப்பானின் இசே எலக்ட்ரானிக்ஸ் கொண்டுவந்த வெற்றிடக் குழலில் நீலப்பச்சை எண்கள் தெரியும். மைக்ரோவேவ் அடுப்பிலும் பழைய டிவிடி பிளேயரிலும் நாம் பார்த்த அதே நிறம். இதில் வாயு இல்லை. மெல்லிய இழை எலக்ட்ரானை விடும், அது பாஸ்பர் பூசிய துண்டுகளில் மோதி ஒளிர்விக்கும். 25 முதல் 50 வோல்ட்டில் அடங்கிவிடுவதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது என்பேன். இன்னொரு உறவு நம் தாத்தாக்களுக்குப் பழக்கமானது. வால்வு ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடிக்கக் குமிழைத் திருகும்போது, பச்சையாக ஒரு கண் விரிந்து சுருங்குமே, அந்த மேஜிக் ஐ. 1930-களில் அமெரிக்காவில் ஆலன் டுமான்ட் உருவாக்கியது. அதை இன்று பாட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் துடிக்கும் கண்ணாக மாற்றுகிறார்கள்.

இவற்றிலெல்லாம் என் மனம் நிற்பது டெகட்ரானில். வட்டமாக நிற்கும் பத்து எதிர்முனைகளில் ஒன்றில் மட்டும் நியான் புள்ளி ஒளிரும். ஒரு மின்துடிப்பு வந்தால் புள்ளி பக்கத்து முனைக்குத் தாவும். பத்தாவது துடிப்பில் ஒரு சுற்று முடியும். எண்ணும் வேலை, நினைவில் வைக்கும் வேலை, காட்டும் வேலை மூன்றையும் அந்தப் புள்ளி ஒன்றே செய்கிறது. 1951-ல் பிரிட்டனின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் இயங்கத் தொடங்கிய கணினியின் நினைவகம் இந்தக் குழல்களால் ஆனது. 828 டெகட்ரான்கள் அதில் இருந்தன. 2012-ல் அதைப் பழுதுபார்த்து பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் மறுபடி ஓடவிட்டார்கள். கணினி யோசிப்பதை அங்கே நேரடியாகப் பார்க்கலாம். புள்ளிகள் நகர்வதுதான் யோசனை.

கிடங்குகள் வற்றிவருவதால், புதிதாகக் குழல் செய்ய முடியுமா என்று பலர் முயன்றார்கள். செக் குடியரசில் டாலிபோர் ஃபார்னி அதில் வென்றவர். எண் உயரம் 50 மில்லிமீட்டர் கொண்ட ஆர்இசட்568எம் குழல்களை அவரது பட்டறை கையால் செய்கிறது. பழைய கிழக்கு ஜெர்மன் குழல் ஒன்றின் வழிவந்தது அது. கண்ணாடிக்குள் உலோகக் கம்பியைக் காற்றுப் புகாமல் இறக்குவது எளிதான காரியமில்லை. இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்றே போதும், நியானோடு காற்று கலந்து குழல் வீணாகிவிடும். ஆலைகளோடு மறைந்துபோன அந்தக் கைவேலையை அவர் ஆரம்பத்திலிருந்து திரும்பக் கற்க வேண்டியிருந்தது.

நிக்ஸி மாதிரியே தோற்றமளிக்கும் எல்சிடி கடிகாரங்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. கண்ணாடிக் குழலுக்குள் குட்டித் திரை. திரையில் நிக்ஸியின் படம். அதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நிக்ஸியின் மதிப்பு அதன் நிறத்தில் மட்டும் இல்லை. காயில், ரெசிஸ்டர், அயனி, நான்கு பிட் குறியீடு என்று அதில் நடக்கும் ஒவ்வொன்றையும் நாம் தொடர்ந்து போய்ப் புரிந்துகொள்ள முடியும். படத்தில் அது எதுவும் கிடையாது.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: 170 வோல்ட் ஆளைக் கொல்லும். அடாப்டரைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதை ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே தொட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் செய்தால் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கல்லூரி ஆய்வகங்களிலும் பழைய தொழிற்சாலைகளிலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1960-களிலோ 70-களிலோ வாங்கிய கவுண்ட்டர், வோல்ட்மீட்டர் எதுவும் அலமாரி மேல் தூசி பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் அதன் முகப்புக் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். உள்ளே கம்பி எண்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தால், அந்தக் குழல்களை உடையாமல் கழற்றி, ஈயப்பற்றில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.